ஏழாம் எண் பஸ்ஸும் ஆறரை மணிக் கஞ்சியும்

கிழக்குப் பின்லாந்தின் ஏரி நகரம் ஒன்றில், பல்கலைக்கழக வளாகத்துக் கேன்டீனில் காலைக் கஞ்சி ஆறரை மணிக்கு மேசைக்கு வந்துவிடும். 1994 ஆகஸ்ட் எட்டாம் தேதியிலிருந்து அதைக் காய்ச்சியவள் ரைலி திர்க்கொனென். முப்பது லிட்டர் அண்டா, ஓட்ஸ், உப்பு, கடைசியில் ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒரு துண்டு வெண்ணெய். அது உருகி மஞ்சளாக நிற்பதை அங்கே வெண்ணெய்க் கண் என்பார்கள். கண் இல்லாத கஞ்சியை ரைலி ஒருவருக்கும் கொடுத்ததில்லை.

ரைலிக்கு இடது கண்ணில் பார்வை குறைவு, ஓட்டுநர் உரிமம் கிடைக்கவில்லை. ஆகவே பஸ்தான். பதினாறாம் எண் பஸ் அவளை 6.09க்கு வளாகத்தில் இறக்கிவிடும். பதினேழு வருடமும் ஐந்து மாதமும் அப்படியே நடந்தது.

2012 ஜனவரி 9, திங்கட்கிழமை முதல் புதிய கால அட்டவணை. பதினாறாம் எண்ணின் முதல் வண்டி இனி 6.41க்குத்தான் வளாகத்துக்கு வரும்.

கேன்டீன் மேலாளர் மின்ட்டுவுக்கு முப்பத்து நான்கு வயது. தன் காரில் 6.25க்கு வந்து கதவைத் திறப்பவள். கெட்டவள் இல்லை, எதற்கும் ஒரு மாற்று ஏற்பாடு தயாராக வைத்திருப்பவள், அவ்வளவுதான். மத்திய சமையற்கூடத்திலிருந்து கஞ்சி பிளாஸ்டிக் பையில் வரும், சூடாக்கி ஊற்றினால் போதும் என்றாள். ரைலி பத்து மணிக்கு வந்து மதியப் பாத்திரங்களைப் பார்த்துக்கொள்ளலாமாம்.

"பையிலயா?" என்றாள் ரைலி.

"உங்களுக்கும் சிரமம் இல்ல ரைலி. பஸ்ஸே இல்லாதப்போ நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் வந்துட்டா?"

மின்ட்டு யோசித்துவிட்டுச் சொன்னதை ரைலி ஒரு சொல் விடாமல் நினைவில் வைத்துக்கொண்டாள். "ஆறரைக்குக் கஞ்சி மேசையில இருக்கணும். அது ஒரு நாள் தவறினாலும் மறுநாளே பை வந்துடும்."

அன்று மாலை ரைலி கால அட்டவணைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாள். அவள் வீட்டுக்குப் பின்தெருவிலிருந்து ஏழாம் எண் பஸ் 5.31க்குக் கிளம்புகிறது. வளாகத்துக்கு நேர் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டு, கோய்வுநியெமி என்னும் கடைசி நிறுத்தத்தை 5.54க்கு அடைகிறது. அங்கிருந்து வளாகத்துக்குக் காட்டு மண்சாலையில் ஏழு கிலோமீட்டர். ஆனால் நடுவில் இருப்பது ஏரியின் ஒரு குடாதான். குறுக்கே தொள்ளாயிரம் மீட்டர். ஜனவரியில் அது தண்ணீர் இல்லை, உறைந்த தரை.

ஒன்பதாம் தேதி மைனஸ் பதினான்கு டிகிரிக் குளிர். கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸில் மீதமிருந்தது ரைலி மட்டும். ஓட்டுநர் எஸ்கோ கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, தூங்கிட்டீங்களா? இதுக்கு மேல பஸ் போகாது."

"தெரியும். வேலைக்குப் போறேன்."

"இந்தப் பக்கம் வேலையே கிடையாதே."

"வேலை அந்தப் பக்கம் இருக்கு," என்று ஏரியைக் காட்டிவிட்டு இறங்கினாள்.

கழுத்தில் இரண்டு இரும்புக் கூராணிகள் தொங்கின. பனி உடைந்து விழுந்தால் குத்திப் பிடித்து ஏறுவதற்கு. பதின்மூன்று நிமிட நடை. கேன்டீன் பின்கதவை 6.08க்குத் திறந்தாள். பழைய பஸ்ஸைவிட ஒரு நிமிடம் முன்னால்.

மறுநாள் முதல் உதைவண்டி கொண்டுவந்தாள். ஒரு நாற்காலி, அதன் கீழே இரண்டு நீள இரும்புச் சட்டங்கள். பின்னால் நின்று ஒரு காலால் உதைத்தால் பனிமேல் வழுக்கிக்கொண்டு ஓடும். அதில் ஏழே நிமிடம். மாலையில் அதே வழியில் திரும்பி, வண்டியை நிறுத்தத்தின் பின்னாலிருந்த மரத்தில் பூட்டிவிட்டு ஏழாம் எண்ணில் வீடு போவாள்.

மின்ட்டுவுக்கு மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது. காப்பீட்டைப் பற்றிப் பேசினாள், பாதுகாப்பைப் பற்றிப் பேசினாள். ஏரிமேல் பிள்ளைகள் பள்ளிக்குப் பனிச்சறுக்கில் போகிறார்களே, அவர்களையும் நிறுத்தப்போகிறாயா என்று ரைலி கேட்டாள். வெளியே போகும்போது மின்ட்டு நின்று, "ஏப்ரல் வருமில்ல?" என்றாள்.

வந்தது. ஏப்ரல் 16 வரை அறுபத்தொன்பது வேலை நாட்கள் ரைலி ஏரியைக் கடந்தாள். ஒரு நாளும் கஞ்சி தவறவில்லை. பதினாறாம் தேதி மதியம் கரையில் நின்று கடப்பாரையால் பனியைக் குத்தினாள். மூன்றாம் குத்தில் கடப்பாரை உள்ளே போய்த் தண்ணீர் மேலே வந்தது.

கெலிரிக்கோ தொடங்கிவிட்டது. அந்த வாரங்களுக்கு அங்கே இதுதான் பெயர். பனி ஆளைத் தாங்காது, படகும் போகாது. மண்சாலையும் குழைந்து சேறாகிவிடும், சைக்கிள் அச்சுவரை இறங்கும். யாரும் எங்கும் குறுக்கே போக முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும்.

ரைலி காத்திருக்கவில்லை. கரையிலிருந்து நேராகச் சமையலறைக்குத் திரும்பினாள். பெரிய ஓவனில் ஆறு ஆழமான தட்டங்களை வைத்து, முழு பார்லியும் தண்ணீரும் உப்பும் போட்டாள். இரவு பத்து மணிக்குத் தானாகச் சூடேறி மெல்ல வேகும்படி கடிகாரத்தைத் திருப்பினாள். ஓவன் கதவில் ஒரு காகிதம் ஒட்டினாள்: "மின்ட்டு, 6.30. வெளியே எடுத்து வை. சூடு, கையுறை போட்டுக்கொள்." பிறகு பதினாறாம் எண்ணில் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாள்.

ஏப்ரல் 17 காலை 6.41க்கு, கால அட்டவணை சொன்ன பஸ்ஸில், கால அட்டவணை சொன்ன நிமிடத்தில் ரைலி வளாகத்தில் இறங்கினாள். முன்கதவு வழியாக உள்ளே போனாள். பதினோரு மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். அவள் பன்னிரண்டாவதாக நின்றுகொண்டாள். மேசைக்குப் பின்னால் மின்ட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல், கன்னமெல்லாம் சிவந்து, அகப்பையோடு போராடிக்கொண்டிருந்தாள். பார்லி பொன்னிறமாக மேலேடு கட்டி, அறை முழுவதும் மணத்தது.

ரைலியின் முறை வந்தது.

"நீங்க லேட்," என்றாள் மின்ட்டு.

"நான் லேட். கஞ்சி லேட் இல்ல."

அன்று தான் சொன்ன வாக்கியம் மின்ட்டுவுக்கும் நினைவிருந்தது. ஒரு தட்டை நிரப்பி நீட்டினாள். ரைலி அதை வாங்கவில்லை.

"கண்ணு எங்க?"

"என்ன?"

"வெண்ணெய். கண்ணில்லாத கஞ்சியை இவங்களுக்கெல்லாம் கொடுத்துட்டியா?"

அதற்கு முன் வாங்கிப்போன பதினோரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தே வந்துவிட்டான். மின்ட்டு குனிந்து குளிர்பெட்டியைத் திறந்தாள். ரைலி கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் போனாள். அவள் வந்தபின்னும் மின்ட்டு அகப்பையைக் கொடுக்கவில்லை. இருவருமாகப் பரிமாறினார்கள், ஒருவர் ஊற்ற ஒருவர் கண் வைக்க.

மே தின விடுமுறை நீங்கலாக அப்படிப் பதின்மூன்று வேலை நாட்கள். இரண்டு ஞாயிறும் அந்த விடுமுறை நாளும்கூட ரைலி மதிய பஸ்ஸில் வந்து ஓவனை நிரப்பிவிட்டுப் போனாள். ஓவன் கதவுக் காகிதத்தின் கீழே மின்ட்டுவின் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: "வெண்ணெயை முன்னாடியே வெளியே எடுக்கணும்." பையைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை.

மே 7, திங்கட்கிழமை. ஏரியில் பனி இல்லை. 5.31க்கு ஏழாம் எண் பஸ்ஸின் கதவு திறந்தபோது ரைலி இரண்டு துடுப்புகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். கோய்வுநியெமிக் கரையில் ஒரு பழைய மரப்படகை முந்தின வாரமே பேசி வாங்கியிருந்தாள்.

எஸ்கோ துடுப்புகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இதுக்கு டிக்கெட் எவ்வளவுன்னு எனக்கே தெரியாதும்மா."

"அதுங்க திரும்பி வராது," என்றாள் ரைலி. "அந்தப் பக்கமே இருக்கும்."

"அப்ப சாயங்காலம் எப்படி வருவீங்க?"

"அட, ஆமா. படகிலதானே திரும்பணும்," என்றாள் ரைலி. அப்புறம் துடுப்புகளைப் பக்கவாட்டில் திருப்பி, குனிந்து, உள்ளே ஏறினாள்.

"சரி, இதுங்க தினமும் என்னோட வரும், கரையில விட்டா காணாமப் போயிடும். வண்டிய எடுங்க, 5.32 ஆகுது."