அடுத்த வீட்டில் எழுதிய அறிக்கை

சிவகௌரியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அவளுடைய பிள்ளையை எட்டு மாதம் அவளிடமிருந்து பிரித்து வைத்தவள் நான். ஆனாலும் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில், வலிகாமத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் எனக்குச் சிறுவர் நலப் பொறுப்பு. சிவகௌரி தோட்டக் கூலி. புருஷன் விட்டுவிட்டுப் போய் மூன்று வருடம்; ஆறு வயதில் ஒரே மகள், நிதர்சிகா. விடிய நாலரைக்குக் கத்தரிக்காய் ஆயப் போவாள். ஆறரைக்குத் திரும்பி வந்து மகளைக் குளிப்பாட்டி, இரட்டைப் பின்னல் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புவாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

முதல்நாள் நான் விசாரிக்கப் போனபோது அவள் வீட்டில் இல்லை. அடுத்த வீட்டு இரத்தினம்மா கூப்பிட்டுக் கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார்.

“விடியக்காலமை பிள்ளையை உள்ளை விட்டுப் பூட்டிப்போட்டுப் போறவள், மிஸ். எங்கை போறாளெண்டு ஆருக்குத் தெரியும்?”

அந்தக் கதிரையில் இருந்தபடியே படிவத்தை நிரப்பினேன்: ‘தாயின் பராமரிப்பு இல்லை.’ நீதிமன்றத்தில், பூட்டினீரா என்று சிவகௌரியைக் கேட்டார்கள், ஓம் என்றாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான். பிள்ளை சிறுவர் இல்லத்துக்குப் போனது.

சில மாதம் கழித்துக் கிராம அலுவலர் பஞ்சலிங்கம் பேச்சுவாக்கில் சொன்னார்.

“சிவகௌரிக்கும் இரத்தினம்மாவுக்கும் வேலிச் சண்டை, மிஸ். அரை முழக் காணிக்காக ஆறு வருசமாய் முகம் பார்க்கிறேல்லை. உங்களுக்குத் தெரியாதே?”

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உரும்பிராயில் எங்கள் வீட்டு வேலி வழக்கே இன்னும் முடியவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் இருப்பவரிடம் நற்சாட்சி கேட்கக்கூடாதென்பது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். உத்தியோகம் கிடைத்ததும் எனக்கு மட்டும் மறந்துபோனது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக விசாரித்தேன். அந்தத் தாய்க்குத் தேவைப்பட்டதெல்லாம் விடியற்காலையில் இரண்டு மணித்தியாலம் பிள்ளையைப் பார்க்க ஒரு ஆள். அதே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் முன்பள்ளி ஆசிரியை சீலாவைக் கேட்டேன்.

“கொண்டுவந்து விடச் சொல்லுங்கோ, என்ரை பிள்ளையளோடை படுக்கட்டும்.”

ஐந்து நிமிடத்தில் முடிந்த காரியம். முதல்நாளே கேட்டிருக்கலாம். என் அறிக்கை பிழையென்று நானே எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் பிள்ளையை மீட்க மூன்று மாதம் பிடித்தது.

பிள்ளை வீடு வந்த கிழமை, சிவகௌரியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். என்னைக் கண்டதும் நிதர்சிகா ஓடிவந்து வேலிப் படலையை இரண்டு கையாலும் பிடித்து மறித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா இண்டைக்கு ஓரிடமும் போகேல்லை, மிஸ். நான் தனிய இருக்கேல்லை. பொய்யில்லை, மிஸ்.”

மன்னிப்புக் கேட்க வந்தேனென்று அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? வெட்கத்தில் படலைக்கு வெளியிலேயே நின்றேன்.