காலில்லா அரணையும் மூன்று சுற்று நூலும்

அந்தக் கல்லூரியில் புஷ்பம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஸ்பிரிட் அக்கா என்றால் வாட்ச்மேன்கூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். விலங்கியல் துறையில் லேப் அட்டெண்டர். கீழ்த்தளத்து மியூசியம் அறையில் இருநூற்றுச் சொச்சம் கண்ணாடி ஜாடிகள். மீன், தவளை, பாம்பு என்று ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று ஸ்பிரிட்டில் ஊறிக்கொண்டிருக்கும். ஸ்பிரிட் ஆவியாகிக் குறைந்துகொண்டே போகும். எந்த ஜாடியில் வருஷத்துக்கு எத்தனை விரல் இறங்கும் என்பது புஷ்பத்துக்கு அத்துப்படி. மூடி சரியில்லாததைப் பார்த்து, "உனக்கு ஊத்தியே என் காலம் போயிடும்டா குடிகாரா" என்று வைதுகொண்டே நிரப்புவாள்.

அந்தச் சாராய வாசனை அவளை விடாது. வீட்டுக்குப் போகும் முடிச்சூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்துபோவார்கள். "சரி, ஜன்னலோரம் நமக்கு" என்று நகர்ந்து உட்கார்ந்துகொள்வாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது மட்டும் பவுடர் இரண்டு மடங்கு. போன மாதம் அவளை அடக்கம் செய்த அன்றும் யாரோ நிறையப் பவுடர் போட்டிருந்தார்கள். தெரிந்தவர்கள்தான் போட்டிருக்க வேண்டும்.

1998 ஜூனில் தற்காலிக ஊழியராகச் சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாவது வாரமே அது நடந்தது. ஸ்பிரிட் மாற்றுவதற்காக ஒரு ஜாடியைத் திறந்து, பென்சில் தடிமனில் இருந்த ஒரு பிராணியை வெளியே எடுத்தாள். காலில்லை, புழு மாதிரி வழவழவென்று இருந்தது. கை நழுவியது. தொட்டியின் விளிம்பில் பட்டு வால் துண்டாகக் கழன்று விழுந்தது. அப்போதிருந்த துறைத் தலைவர் முதல் நாளே சொல்லிவைத்திருந்தார்: "ஒரு சாம்பிள் உடைஞ்சாலும் அன்னைக்கே வீட்டுக்குப் போயிடணும்."

புஷ்பம் வெளியே எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. அங்கே எல்லாப் பிராணிகளையும் ஒரு கண்ணாடிப் பட்டையில் வைத்து வெள்ளை நூலால் கட்டித்தான் ஜாடியில் இறக்குவார்கள். அவள் வாலை உடம்போடு பொருத்தி, முறிந்த இடத்தை மறைத்து மூன்று சுற்று நூல் சுற்றி, முடிச்சைப் பின்பக்கம் போட்டாள். அதற்கப்புறம் பதினேழு வருஷம் அந்த ஜாடிக்கு அவளைத் தவிர வேறு யாரும் ஸ்பிரிட் ஊற்றவில்லை. ஊற்ற விடவில்லை.

2015 டிசம்பரில் ஏரிகள் உடைந்து வந்த தண்ணீர் முடிச்சூரில் அவள் வீட்டை முழுங்கியதோடு நிற்காமல் கல்லூரிக் கீழ்த்தளத்திலும் இடுப்பளவு நின்றது. பீரோவையும் பாத்திரத்தையும் அப்படியே போட்டுவிட்டு மூன்றாம் நாளே வந்து நின்றாள். ஜாடிகள் பெரும்பாலும் தப்பித்திருந்தன. ஆனால் மேலே ஒட்டியிருந்த, புஷ்பத்துக்குப் படிக்கத் தெரியாத இங்கிலீஷ் பெயர்ச் சீட்டுகள் எல்லாம் கரைந்து சேறாகக் கிடந்தன.

புதுத் துறைத் தலைவர் மெர்வின் சார் மாடியிலிருந்த பழைய பதிவேட்டைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். கடைசியில் மூன்று ஜாடிகள் மிஞ்சின. மூன்றும் வெளிறி, தோல் உரிந்து, ஒரே அச்சாக இருந்தன.

"இதுல ரெண்டு சாதாரண புழுப்பாம்பு. ஒண்ணு இலங்கையிலிருந்து வந்த காலில்லா அரணை. மண்ணுக்குள்ளயே வாழுற ஜாதி. 1954ல கண்டி தேயிலைத் தோட்டத்து மாணவன் ஒருத்தன் கொண்டுவந்து குடுத்திருக்கான். எது எதுன்னுதான் தெரியல." அவர் மீன்களைப் பற்றிப் படித்தவர், பாம்பு பல்லியெல்லாம் பழக்கமில்லை. சலித்துப்போயிருந்தார். "பேர் தெரியாததை மியூசியத்துல வைக்க முடியாது. மூணையும் முதல் வருஷப் பசங்களுக்குக் குடுத்திடலாம். வெட்டிப் பழகட்டும்."

நடு ஜாடியில் இருந்தது புஷ்பம் சுற்றிய அந்த மூன்று சுற்று நூல். அடுத்த மாதம் அவளுக்கு பெர்மனென்ட் ஆர்டர். கையெழுத்துப் போட வேண்டியவர் இவர்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜாடியோடு அவள் ரகசியமும் ஒழிந்துபோகும். பதினேழு வருஷ பயம் ஒரே பிராக்டிகலில் தீர்ந்துவிடும்.

"சார், நடுவுல இருக்கிறது வேற. அதை வெட்டாதீங்க."

கூட வேலை பார்த்த லோகநாதன் சிரித்தான். "இன்னாக்கா, ஸ்பிரிட் ஊத்துறத வுட்டுட்டு ஜோசியம் சொல்ல ஆரம்பிச்சிட்டியா?"

"எப்படிம்மா சொல்றே?" என்றார் மெர்வின்.

புஷ்பம் ஜாடியைத் திறந்து கண்ணாடிப் பட்டையை எடுத்தாள். பின்பக்க முடிச்சை நகத்தால் நெருடினாள். ஒரு சுற்று. இரண்டு. மூன்று. வால் தனியாகப் பிரிந்து தட்டில் விழுந்தது.

"நான்தான் சார் உடைச்சேன். சேர்ந்த புதுசுல. மத்த பாம்புங்களும் எத்தனையோ தடவை கை தவறியிருக்கு, ஒண்ணும் இப்படி ஆனதில்ல. இது மட்டும் லேசா பட்டதுக்கே கழண்டுக்கிச்சு." தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "வேலைய விட்டு அனுப்புறதுன்னா அனுப்புங்க. இதை வெட்டாதீங்க."

லோகநாதன் சிரிப்பை நிறுத்தியிருந்தான். மெர்வின் லென்ஸை எடுத்து முறிந்த இடத்தின்மேல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"லோகநாதா, பல்லி வால் அறுந்து பாத்திருக்கியா?"

"எங்க வூட்டுல டெய்லி அதான் சார் கூத்து."

"அறுந்த முனை எப்படி இருக்கும்?"

"பூ இதழ் கணக்கா பிரிஞ்சிகினு இருக்கும்."

"வந்து பார்."

பார்த்தான். "அய்ய! அப்படியேதான் கீது சார்!"

மெர்வின் ஊசியால் மெல்ல அதன் வாயைத் திறந்தார். "கீழ்த்தாடையிலயும் பல்லு. புழுப்பாம்புக்கு அங்க பல்லே கிடையாது." லென்ஸை மேஜையில் வைத்துவிட்டுக் கையைத் தட்டினார், சின்னப் பையன் மாதிரி. "அரணையேதான்! புஷ்பம், பல்லி ஜாதிதான் இப்படி வாலை விடும், பாம்பு விடாதும்மா. நீ உடைச்சியோ, அதுவா விட்டுச்சோ!"

புஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே புதுச் சீட்டு எழுதினார். பெயர், ஊர், வருஷம். அதன் கீழே: வால் முறிந்தது 1998. அடையாளம் காட்டியவர் ஆ. புஷ்பம். அந்த அறையில் அட்டெண்டர் பெயர் ஏறிய ஜாடி வேறு கிடையாது.

"எனக்கும் ஒரு ஜாடி குடுங்க சார், உடைச்சித் தரேன், பேரு வரட்டும்" என்றான் லோகநாதன்.

"உனக்கு பேர் வராது, மெமோ வரும்" என்றாள் புஷ்பம்.

ஜனவரியில் ஆர்டர் வந்தது. அதை வாங்கி, சேறு காயாத வீட்டில் பரண்மேல் பைபிளுக்குள் வைத்தாள். ஆனால் அதைவிட முந்திச் செய்த காரியம் ஒன்று உண்டு. சீட்டு எழுதிய அன்று சாயங்காலமே அரணையைக் கண்ணாடிப் பட்டையில் மறுபடி கட்டினாள். உடம்பைத் தனியாக, வாலைத் தனியாக. இரண்டுக்கும் நடுவே, வாசலில் நின்று பார்க்கிறவருக்கும் தெரியும்படி, ஒரு விரற்கடை இடைவெளி விட்டாள். பிறகு கழுத்துவரை ஸ்பிரிட் ஊற்றி, ஜாடியை முன்வரிசையில் வைத்தாள்.