அண்ணன் தேடிய நல்ல தண்ணீர்

அன்று காலை பத்தே முக்கால் மணிக்கு நான் அஞ்சலகத்தில் தபால் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சைக்கிளில் செய்தி கொண்டுவந்தவர் சொன்னதிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், இண்டூருக்கு அப்பால் ஒரு பாழுங்கிணற்றில் அண்ணன் படி தவறி விழுந்தது அந்த நேரத்தில்தான். அந்த மணியை இன்னும் என்னால் கடக்க முடியவில்லை.

அண்ணன் பென்னாகரம் பக்கத்தில் ஒரு மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எங்கள் சிறுவயதிலேயே அப்பா காலமாகிவிட்டார். அண்ணன் தாம் படித்து, என்னையும் படிக்க வைத்து, தமக்கென்று திருமணம் செய்துகொள்ளாமலே இருந்துவிட்டார். அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தார்.

வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் சில பிள்ளைகள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார்கள். பல்லெல்லாம் பழுப்புக் கறை. பரம்பரை வாகு என்று ஊரார் சொன்னார்கள். அண்ணன் நம்பவில்லை. கிணற்று நீரில் கலந்துள்ள ஃப்ளோரைடு என்ற உப்புதான் எலும்பைக் கெடுக்கிறது என்று நூல்களைத் தேடிப் படித்து அறிந்தார். தண்ணீரைச் சோதிக்கும் ரோஜா நிற மருந்தைத் தருவித்தார். அதில் சில சொட்டு விட்டால் நல்ல தண்ணீர் ரோஜா நிறமாகவே நிற்கும், கெட்டது மஞ்சளாகிவிடும்.

தருமபுரி தனி மாவட்டமான காலத்திலிருந்து அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. சைக்கிளில் காலி மருந்துப் புட்டிகளுடன் ஊர் ஊராகப் போனார். "வாத்தியாரே, எங்க மாட்டு மூத்திரத்தயும் ஒரு புட்டி புடிச்சுக்கிட்டுப் போங்க" என்று கேலி செய்தவர்களிடமும் சிரித்துவிட்டுத் தண்ணீர் வாங்கி வந்தார். இதைப்பற்றிச் சென்னையிலுள்ள அரசுக்கு அவர் எழுதிய கடிதங்களுக்கு முத்திரை குத்தியவன் நான்தான். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அவரை விஞ்ஞானி என்று யாரும் அழைத்ததில்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பூமிக்கடியில் என்ன ஓடுகிறது என்று அவரளவு தேடித் திரிந்தவரை நான் அறியேன்.

அவர் செய்த தவறு ஒன்றையும் இங்கே எழுத வேண்டும். மறைத்தால் அவருக்கே பிடிக்காது. கெட்ட கிணறுகளை அடையாளம் காட்ட, பள்ளிக்குப் பூசி மிஞ்சிய காவியை எடுத்துப் பட்டை அடித்தார். காவிப் பட்டை கோயில் மதிலுக்கு உரியது என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு மாதம் கழித்துப் போனபோது ஒரு கிணற்றடியில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கால் வளைந்த மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் அந்தத் தண்ணீரைப் புகட்டிக்கொண்டிருந்தார்.

"சாமித் தண்ணிங்க. நாப்பத்தெட்டு நாளு குடுத்தா காலு நேராயிரும்னாங்க."

அண்ணன் உண்மையைச் சொன்னார். அந்தத் தாய், "அப்ப நான்தான் குடுத்தேனுங்களா?" என்று கேட்டாராம். அண்ணன் அன்று வீட்டில் சாப்பிடவில்லை. மறுநாள் போய்த் தம் கையாலேயே காவியைச் சுரண்டி எடுத்தார். அதன்பின் தாரால் கறுப்புப் பெருக்கல் குறிதான் போட்டார்.

அந்தக் குறி ஒருநாள் எங்கள் வீட்டுக் கிணற்றிலும் விழுந்தது. தெருவே தண்ணீர் எடுக்கும் கிணறு. நான் வெட்கப்பட்டு, அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். அண்ணன் அதைப் பார்த்தார். "பாப்பாவுக்கு எந்தத் தண்ணி குடுக்கற?" என்று மட்டும் கேட்டார். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. வேறு தண்ணீர் கொடுக்கிறோம் என்று பொய் சொன்னேன். அவள் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கியிருந்தாள்.

அந்தத் தாயின் ஊருக்கு ஒரு நல்ல கிணறாவது கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று அண்ணன் அலைந்தார். ஏரிக்கரையில் தூர்ந்து கிடந்த கிணறுதான் மீதி இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரையே குடித்து வளர்ந்த அவருக்குக் கழுத்து இறுகிப்போயிருந்தது. குனிந்து காலடியைப் பார்க்க முடியாது. அடியில் கிடந்த தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு ஏறும்போது, பெயர்ந்திருந்த படி அவர் கண்ணில் படவில்லை. இடுப்பு முறிந்தது. கையிலிருந்த புட்டி உடையவில்லை.

தருமபுரி மருத்துவமனையில் கண் விழித்ததும் அந்தப் புட்டியைச் சோதிக்கச் சொன்னார். மருந்து விட்டேன். ரோஜா நிறம் மாறவில்லை. அதைச் சொன்னபோது நான் பூசிய சுண்ணாம்பையும் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்லி அழுதேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் அந்தத் தாய் பார்க்க வந்தபோது என்னை வெளியே இருக்கச் சொன்னார். ஒன்பதாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

கட்டை வண்டியில் வைக்கோல் பரப்பி அவரைக் கொண்டுவந்தவர்களுக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர் அம்மாவுக்கும், தோள் கொடுத்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தியும் எழுந்து, உறவினர் எல்லாரும் விடைபெற்ற பிறகு அந்தத் தாய் வந்தார். இடுப்பில் மகன், தலையில் குடம். நான்கு மைல் நடந்திருக்கிறார். குடத்தை இறக்கி என் மகள் முன்னால் வைத்தார்.

"ஊரே எறங்கித் தூர் வாரிட்டோமுங்க. மொதக் கொடம் உங்க வூட்டுப் பாப்பாவுக்குன்னு வாத்தியார் ஆசுபத்திரியில எங்கிட்ட கேட்டுக்கிட்டாருங்க. குடிக்கச் சொல்லுங்க. எம் பையன் அடுத்த கொடத்துல குடிச்சுக்குவான்."