வடித்து ஊற்றிய கஞ்சி

அடுப்பிலிருந்து தெறித்த தணலை மிதித்துக்கொண்டு நின்றாள் என் மனைவி பூரணம். அவளுக்கு அது தெரியவில்லை. தோல் கருகும் மணம் பிடித்து நான்தான் குசினிக்குள் ஓடினேன். "காலை எடு!" என்று கத்தினேன். "என்னத்துக்கு?" என்று திருப்பிக் கேட்டாள்.

அதற்கு முன்பே இரண்டு மாதமாகக் கால் கனக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கணுக்காலை விரலால் அமத்தினால் விழுந்த குழி நெடுநேரம் அப்படியே இருக்கும். கிணற்றடிக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்கும். வேலைக் களைப்பு என்று நான் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். வீட்டில் யாருக்காவது இப்படிக் கால் வீங்கி மரத்துப்போனால், என்னைப் போல ஆற அமர இராதீர்கள். இதை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

மறுநாள் அவளை மாட்டுவண்டிலில் ஏற்றி, கல்லடிப் பாலம் தாண்டி, பட்டினத்தில் ஒரு டாக்குத்தரிடம் கொண்டுபோனேன். அவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு அவளை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அரிசி எங்கால?"

"மில்லரிசி, ஐயா. ரங்கூன் அரிசி. நல்ல வெள்ளை."

"எத்தின தரம் கழுவுறது?"

"தண்ணி தெளியுமட்டும்."

"சோறு வடிக்கிற கஞ்சி?"

"வளவுக்குள்ள, வாழையடியில ஊத்திருவம்."

"சத்தையெல்லாம் வளவுக்குள்ள ஊத்திப்போட்டுச் சக்கையச் சாப்பிட்டிரிக்கிறீங்க" என்றார். பெரிபெரி என்று நோயின் பெயரைச் சொன்னார் (தவிட்டில் இருக்கும் உயிர்ச்சத்துக் கிடைக்காமல் நரம்பும் இருதயமும் தளர்ந்துபோகும் நோய்). "காலை மறுகா பாப்பம். முதல்ல இருதயம், அது வீங்கியிரிக்கு. இப்பிடியே விட்டா ஆள் தங்காது. நான் தாற மருந்து கொஞ்சந்தான். மிச்ச மருந்து உங்கட அடுப்பில."

அதே சோற்றைத்தானே நானும் தின்றேன், எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். "நீங்க கறி என்ன சாப்பிடுறீங்க? அவ என்ன சாப்பிடுறா?" என்றார். எனக்கு மீன், முட்டை, பருப்பு எல்லாம் உண்டு. அவள் நான் எழும்பிய பிறகு சாப்பிடுவாள். என்ன சாப்பிட்டாள் என்று கல்யாணம் முடித்த இந்த ஆறு வருடத்தில் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. வெறும் சோறும் மிஞ்சிய சொதியும் என்று பூரணமே மெல்லச் சொன்னாள்.

இன்னொன்றை அவரிடம் நான் சொல்லவில்லை. எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டோடு இருப்பதுதான் வழக்கம். கிளாக்கர் உத்தியோகத்தின் மிதப்பில் நான் பூரணத்தை அவளுடைய ஊரான கரடியனாற்றிலிருந்து பிரித்துக் கல்லடிக்குக் கொண்டுவந்தேன். முதல் அறுவடை முடிந்ததும் அவளுடைய தகப்பன், என் மாமா, தங்கள் வட்டையில், அதாவது வயல்வெளியில், விளைந்த நெல்லைக் குத்தி இரண்டு மூடை சிவப்பரிசி வண்டிலில் ஏற்றிவந்தார். "மாமா, இஞ்ச இதெல்லாம் ஆக்கிறதில்ல. திருப்பிக் கொண்டுபோங்க" என்றேன். பூரணம் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த வழியே போனார். அதற்குப் பிறகு அந்த வண்டில் வரவில்லை.

டாக்குத்தரிடம் போய்வந்த அடுத்த நாள் நான் கரடியனாற்றுக்குப் போனேன். கேட்கவேண்டியதை விழுங்கி விழுங்கிக் கேட்டேன். மாமா ஒன்றும் குத்திக்காட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நெல்லாத்தான் இரிக்கு. குத்த ஆள் இரிக்கா?"

"நான் குத்துவன், மாமா."

நெல்லைக் கல்லடிக்குக் கொண்டுவந்து, வீட்டு முற்றத்தில் குத்தினேன். கிளாக்கர் ஐயா உலக்கை பிடிக்கிறார் என்று அயலார் வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்தார்கள். கை கொப்பளித்தது. ஆனாலும் விடாமல் குத்திப் புடைத்து, பளிச்சென்று வெள்ளையாக்கிக் கொண்டுபோய்ப் பெருமையோடு பூரணத்திடம் காட்டினேன். பாயில் கிடந்தவள் அரிசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"திரும்பவும் மில்லரிசியாக்கிப் போட்டீங்களே!" என்று சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. மூச்சு முட்டும்வரை சிரித்தாள். நான் தவிட்டையெல்லாம் கோழிக்குக் கொட்டியிருந்தேன்.

முப்பத்திரண்டு வயதுவரை சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாதவன் நான். பாயில் கிடந்தபடியே அவள் சொல்லித் தந்தாள். உமி போனால் போதும், சிவப்பு நிற்கவேண்டும். கல் அரித்து ஒரே தரம் கழுவுங்கள். அரிசிக்கு மேல் நடுவிரலை வைத்தால் இரண்டாம் கோடுவரை தண்ணீர் நிற்கட்டும். கொதித்ததும் விறகை இழுத்து நெருப்பைக் குறையுங்கள். தண்ணீர் முழுவதும் சோற்றுக்குள்ளேயே வற்றவேண்டும், வடிக்காதீர்கள். பயற்றை அவித்து உப்பும் துருவிய தேங்காய்ப்பூவும் போடுங்கள். முருங்கையிலையை வெங்காயத்தோடு வதக்கி, பச்சை மாறுமுன் இறக்குங்கள். மீனுக்கு மஞ்சளும் புளியும் இரண்டு பச்சைமிளகாயும் போதும். இவ்வளவுதான் சமையல். யாராலும் முடியும். என்னாலேயே முடிந்தது. இவ்வளவு லேசான காரியத்தை ஆறு வருடம் முந்திச் செய்திருக்கலாமே என்று கரிந்த பானையைச் சுரண்டும்போதெல்லாம் நினைத்து அழுதிருக்கிறேன்.

அன்றிலிருந்து அவள் சாப்பிடும்வரை நான் எழும்புவதில்லை.

மூன்றாம் கிழமை வீக்கம் வற்றியது. டாக்குத்தர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டு, "பயமில்ல" என்றார். மூன்றாம் மாதம் சுவரைப் பிடித்து நடந்தாள். பிறகு பிடிக்காமலும் நடந்தாள். ஆனால் பாதத்துக்கு உணர்வு திரும்பவில்லை. நெடுநாள் காய்ந்த நரம்பு, இனி வராது என்றார் டாக்குத்தர். இன்றும் அவள் கீழே பார்த்துப் பார்த்துத்தான் காலை வைக்கிறாள். விளக்கில்லாத இடத்தில் நின்றுவிடுவாள். நானும் அவளுடைய நடைக்கே நடந்து பழகிவிட்டேன். முன்பு பத்து நிமிடத்தில் போன வாவிக்கரைக்கு இப்போது அரை மணி ஆகிறது.

யுத்தத்தால் ரங்கூன் அரிசி நின்றுபோய்விட்டது. வெள்ளைச் சோறு இல்லையே என்று ஊரே புலம்புகிறது. நான் அடுத்த மூடை நெல்லை உரலில் கொட்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் இருவரும் வாவிக்குள் கணுக்கால் அளவுக்கு இறங்கி நின்றோம்.

"தண்ணி குளிருதா?" என்று கேட்டாள்.

"ஓம், நல்லாக் குளிருது."

"எங்கட வட்டை வாய்க்கால் மாதிரியா?"

"ஓம்" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி நின்றாள். நான் அந்த வாய்க்காலில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.