கீழ்வீட்டு அன்ரியின் ஊர்

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரி கீழே இருந்தார். எழுபது வயதைத் தாண்டிய ஆங்கிலேயப் பெண்மணி, தனி ஆள். நாங்கள் அவரைக் கீழ்வீட்டு அன்ரி என்போம். எண்பதுகளின் கடைசி அது; எனக்குப் பதினொரு வயது.

ஒரு சனிக்கிழமை அன்ரி ஒரு சப்பாத்துப் பெட்டியோடு மேலே ஏறிவந்தார். உள்ளே இரண்டே பொருட்கள்: அவருடைய தந்தையின் திருமணச் சான்றிதழ், ஒரு பேக்கரியின் முன்னால் அவர் ஏப்ரன் கட்டி நிற்கும் படம். தந்தை ஜெர்மன்காரர். இளைஞனாக லண்டனுக்கு வந்து பாண் சுட்டவர். முதல் உலகப்போரில் ஜெர்மன்காரரின் கடைக் கண்ணாடிகள் உடைக்கப்பட்டபோது பெயரை ஆங்கிலமாக மாற்றிக்கொண்டார். மனைவி மற்றக் கடதாசிகளையெல்லாம் பேக்கரி அடுப்பில் போட்டுவிட்டார். அதன்பின் சாகும்வரை அவர் அந்த நாட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. அன்ரிக்கு இப்போது இரண்டு விஷயங்கள் தெரியவேண்டும். அப்பா எங்கிருந்து வந்தார்? வந்தபின் அங்கே யாராவது அவரை நினைத்தார்களா?

எங்களிடம் வந்ததற்குக் காரணம் சித்தப்பா. லண்டனுக்கு வருமுன் அவர் மூன்று வருடம் ஜெர்மனியில் அகதி விடுதியில் தங்கி, ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவியவர். அதனால் எங்கள் வீட்டின் ஜெர்மன் நிபுணர்.

அம்மா தேநீரை வைத்துவிட்டு, எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் யாரைக் கண்டாலும் முதலில் கேட்கும் கேள்வியைத் தன் ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா எந்த ஊர்? ஜெர்மனி என்றார் அன்ரி. அது நாடு, ஊர் எது என்றார் அம்மா. தெரியாது என்றார் அன்ரி. அம்மா சித்தப்பாவின் பக்கம் திரும்பினார்.

“பாவம் மனுசி. வீடு வைச்சிருக்கிறா, ஊர் இல்லை.”

ஜெர்மனியில் ஓர் ஆவணக் காப்பகத்துக்கு அன்ரி ஏற்கெனவே எழுதியிருந்தார். அவர்களும் அதைத்தான் கேட்டிருந்தார்கள். பிறப்புப் பதிவுகள் அந்தந்த ஊர்த் தேவாலயத்தில் இருக்கின்றன. ஊர் தெரியாமல் தேட முடியாது. சான்றிதழில் பழைய பெயர் இருந்தது, ஊர் இல்லை.

“கோயிலில கேட்டுப் பாப்பம்,” என்றார் சித்தப்பா.

எந்தக் கோயில் என்று அம்மா கேட்டார்.

“அவையின்ரை கோயில், அண்ணி. நாங்கள் வந்து பத்து வருசம் ஆகேல்லை, அதுக்குள்ள கோயில் வைச்சிட்டம். அவையள் நூறு வருசம் இஞ்ச இருந்திருக்கினம். வைக்காமல் விட்டிருப்பினமே?”

நான் இதை ஆங்கிலத்தில் சொன்னேன். அன்ரி அடுத்த வாரம் நூலகத்தில் விசாரித்துக்கொண்டு வந்தார். கோயில் இருந்தது. கிழக்கு லண்டனில், ஜெர்மன்காரர் தங்களுக்கென்று கட்டிய பழைய தேவாலயம்.

மூவரும் பாதாள ரயிலில் போனோம். வாசலில் சித்தப்பாவும் நானும் பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டோம். கதவைத் திறந்த காவலாளி எங்கள் காலுறைகளைப் பார்த்தார். அன்ரி ஒரு கணம் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு தன் சப்பாத்தையும் கழற்றினார். கல்தரை பனிக்கட்டி போலிருந்தது.

காவலாளி கொண்டுவந்து வைத்த திருமணப் பதிவேடு என் மடியைவிட அகலம். பக்கத்துக்குப் பக்கம் மாப்பிள்ளைகள், பொம்பிளைகள். சர்க்கரை ஆலைத் தொழிலாளி, தையற்காரன், இறைச்சிக் கடைக்காரன், பாண் சுடுபவன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் ஊர். இத்தனை பேர் இந்த நகரத்துக்கு வந்து, இந்தக் கட்டடத்தில் நின்று, ஊரைச் சொல்லியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் அதைக் கேட்டு எழுதியிருக்கிறார். எனக்கு மூச்சுவிடவே பயமாக இருந்தது. அன்ரியின் விரல் ஒரு வரியில் நின்றது. தந்தையின் பழைய பெயர். எதிரே, நீடர்வால்ட்பாக்.

அன்ரி அந்தச் சொல்லை மூன்று விதமாக உச்சரித்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் முதலில் அதைத்தான் சொன்னார். அம்மா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த ஊர்த் தேவாலயத்துக்கு அன்ரி எழுதினார். ஆறு வாரத்தில் தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே தட்டச்சுச் செய்த ஒரு கடிதமும் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியும். பிரதியில் எழுத்துகள் எல்லாம் ஒரே எழுத்துப் போல, மரம் அரியும் வாளின் பற்கள் போல நின்றன. சித்தப்பா இது வாசிக்க ஏலாது என்று தலையை ஆட்டிவிட்டுக் கடிதத்தை எடுத்தார். ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்து, ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். தந்தை பிறந்த நாள். ஞானஸ்நானம் பெற்ற நாள். அவருடைய தந்தை, அவருக்குத் தந்தை என்று ஏழு தலைமுறை. அதற்கு முந்திய புத்தகம் தேவாலயத்தோடு எரிந்துவிட்டதாம். தங்களால் அதற்கு அப்பால் போக முடியாததற்குப் பாதிரியார் மன்னிப்புக் கேட்டிருந்தார். முகம் தெரியாத ஒருவர், ஏழு தலைமுறை தந்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறார்.

கடைசிப் பந்தியில் சித்தப்பாவின் விரல் நின்றது. உதடு அசைந்தது. பிறகு விரல் எழும்பி, ஒரு வரி தாண்டி இறங்கியது. நான் பக்கத்திலேயே இருந்தேன், தெளிவாகப் பார்த்தேன்.

“ஒவ்வொரு வருடமும் கார்த்திகையில், தாய் தன் மகனுக்காகத் தேவாலயத்தில் பிரார்த்தனை செய்வித்தாள்,” என்றார். “தான் சாகும்வரை.”

அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியானால் மறக்கவில்லை, என்றார். வேறு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் சித்தப்பா.

அன்ரி கீழே இறங்கியபின், இரவு சாப்பிடும்போது நான் குட்டை உடைத்தேன். சித்தப்பா ஒரு வரியை விட்டுவிட்டார், அவருக்கு ஜெர்மன் சரியாகத் தெரியாது என்றேன். அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தார்.

“ஓம் பிள்ளை,” என்றார் சித்தப்பா. “அது குசினியில இல்லாத சொல்.”

பிறகு அம்மாவிடம், கொழும்புக்குப் போகிற ஆள் யாரும் இருக்கிறார்களா, ஊரில் தன் தாய்க்கு ஒரு கடிதம் கொடுத்துவிட ஏலுமா என்று கேட்டார். யாழ்ப்பாணத்துக்கு ஒழுங்காகத் தபால் போகாத காலம் அது. போன கிழமைதானே நாங்கள் எழுதின கடிதத்தில் நீயும் சுகம் என்று எழுதினோம் என்றார் அப்பா. இல்லை அண்ணை, என்ரை கையெழுத்தில போகவேணும் என்றார் சித்தப்பா.

அன்ரி காலமானபின் அந்தச் சப்பாத்துப் பெட்டி எங்களிடம் வந்தது. பல்கலைக்கழகத்தில் கொஞ்சம் ஜெர்மன் படித்திருந்த நான், அகராதியை வைத்துக்கொண்டு கடிதத்தை வாசித்தேன். விடுபட்ட வரி அத்தனை கடினமானதல்ல. போர் முடிந்தும் மகனிடமிருந்து கடிதம் வராததால், தாய் அவனுக்குச் சாவுமணி அடிப்பித்தாள். கார்த்திகையில் அவள் செய்வித்தது இறந்தவர்களுக்கான பிரார்த்தனை. மகன் அப்போது லண்டனில், வேறு பெயரில், தினமும் விடியுமுன் எழும்பிப் பாண் சுட்டுக்கொண்டிருந்தான்.

பதினொரு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் புள்ளி போடும் முறைதான். கடிதம் வந்த அன்று பின்னேரம் என் கொப்பியில் சித்தப்பாவின் பெயரை எழுதி, மொழிபெயர்ப்புக்குப் பத்துக்கு எட்டு என்று போட்டேன். விட்ட வரிக்கு இரண்டு புள்ளி குறைத்தேன்.