வால்வுக்கு வைத்த பொட்டு

போன வாரம் ஆயுத பூஜை அன்று காலை அபிராமபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். கையில் டிரான்சிஸ்டர், முகத்தில் கவலை. மத்தியானம் ரேடியோவில் நாடகமாம். வீட்டுக்காரம்மா உத்தரவு.

"ஒரே ஒரு ஒயர்தாம்பா விட்டிருக்கு. ஒரு சொட்டு ஈயம் வெச்சா போதும்."

"இன்னிக்கு முடியாது சார். எல்லாம் பூஜையிலே இருக்கு."

எட்டிப் பார்த்தார். என் சால்டரிங் அயர்ன், மீட்டர், ஸ்க்ரூ டிரைவர்கள் எல்லாம் பொட்டும் பூவுமாக, கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி வரிசையாகச் சாய்ந்திருந்தன.

"பத்திரிகையிலே எல்லாம் எழுதறே... சயின்ஸ் தெரிஞ்ச பையன். நீயுமா இப்படி?"

நான் சிரித்தேன். ஆணியில் தொங்கிய என் சொந்த டிரான்சிஸ்டரை எடுத்துக் கொடுத்து, நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். எதற்குச் சிரித்தேன் என்று அவருக்குச் சொல்ல நேரமில்லை. உங்களுக்குச் சொல்லலாம். வாரா வாரம் பொறுமையாகக் கேட்கிறவர்கள்தானே நீங்கள்!

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு தப்பான நம்பிக்கையில்தான். என் நம்பிக்கை இல்லை, அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கை.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில், பல குடித்தனம் சேர்ந்த வீட்டில் ஒரு அறை எங்களுடையது. அம்மா மாட வீதியில் பூ விற்கிறாள். நைனா — அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன் — தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பேல் பிரித்து அடுக்குகிறவர். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் தாக்குப் பிடித்தவன் நான் ஒருவன்தான்.

இதனால் என்ன ஆயிற்று? சந்தில் யாருக்குத் தபால் வந்தாலும் என்னிடம். ரேஷன் கார்டில் பேர் தப்பா? என்னிடம். மருந்து பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது? என்னிடம். ஒரு நாள் பக்கத்துக் குடித்தனத்து ஆள் தன் ரேடியோவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"பாட மாட்டேங்குது. இன்னான்னு பாரு."

"எனக்கு ரேடியோவைப் பத்தி ஒண்ணும் தெரியாதே!"

"படிச்சிக்கிற இல்ல? பாரு."

பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு கரப்பான்பூச்சி கருகிக் கிடந்தது. எடுத்துப் போட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். பாடியது! அவ்வளவுதான், முற்றத்தில் கூடியிருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது.

ஒரு கரப்பான்பூச்சியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தொழில் நடத்துவது? மூர் மார்க்கெட்டில் பழைய ரேடியோப் புத்தகம் ஒன்றும் செத்துப்போன ரேடியோ ஒன்றும் வாங்கினேன். இதைப் பார்த்து அதைப் பிரித்தேன். அதைப் பார்த்து மறுபடி இதைப் படித்தேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. நம் நாட்டில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், தெரியுமல்லவா? அதைப் பிரித்துப் போட ஒன்றும் வேண்டாம்! கேட்க ஆளே இல்லை. எங்கள் அறையின் ஒரு மூலை, ஒரு பெஞ்சு, ஒரு பல்பு. தொழில் ஆரம்பமாகிவிட்டது.

நைனாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை, பயம். "படிச்சிட்டு மூலையில குந்திக்கினு திருகிக்கினு கீறானே" என்று அம்மாவிடம் சொல்வார். அவருடைய முதலாளி, கடையில் எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், எனக்குத் துணி கிழிக்கும் கவுன்ட்டரில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். ஃபேனுக்குக் கீழே, சட்டை கசங்காமல் நிற்கிற வேலை. நைனா அதுவரைக்கும் அந்தக் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை.

இந்த நிலைமையில்தான் வைத்தி மாமா வந்தார்.

வைத்தி மாமா மாட வீதிக்காரர், பாங்க்கில் வேலை. அம்மாவிடம் தினம் பூ வாங்கும் வீடு. அவர் பெண் கமலிக்கு ரேடியோவில் பாட முதல் சான்ஸ் வந்திருந்தது. சரஸ்வதி பூஜை அன்று சாயந்தரம் ஆறு மணிக்கு. பெண் பாட்டு வாத்தியாரோடு ஸ்டேஷனுக்குப் போய்விடுவாள். வீட்டிலோ கொலு, சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து கேட்பார்கள். பார்த்து வைத்தாற்போல் ரேடியோ படுத்துவிட்டது. கடையில் கேட்டதற்குப் பண்டிகை முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"உன்னைத்தாண்டா நம்பிண்டிருக்கேன். கொழந்தை பாடறச்சே பெட்டி ஊமையா ஒக்காந்துண்டிருந்தா என்னால தாங்க முடியாது."

பெரிய வால்வு ரேடியோ. தேக்குப் பெட்டி, ஸ்டேஷன் பிடித்தால் முகப்பில் ஒளிரும் பச்சைக் கண். உள்ளே கண்ணாடி பல்பு மாதிரி நிற்கும் வால்வுகளில் ஒன்று போயிருந்தது. ரிச்சி தெருவில் தேடிப் பிடித்து வாங்கி மாற்றினேன். பூஜைக்கு முதல் நாளே கணீர் என்று பாடியது. பெருமை தாங்காமல் அம்மாவைக் கூப்பிட்டு உள்ளே காட்டினேன். "பாத்தியா யம்மா? மேல கீறது வெறும் கட்டைப் பொட்டி. இந்த உள்ள கீறதுதான் ரேடியோ."

இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை குளித்துவிட்டு, பொரி கடலை வாங்கப் போனேன். சூடு ஆறட்டும் என்று முதல் நாள் கழற்றிய பின்மூடி அப்படியே இருந்தது. திரும்பி வந்தால்... பூஜை முடிந்துவிட்டிருந்தது. என் சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ரேடியோவுக்கும்தான். பெட்டி மேல் ஒரு சின்னப் பொட்டுகூட இல்லை. எல்லாம் உள்ளே!

ஒவ்வொரு வால்வுக்கும் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பட்டையாகச் சந்தனம். போதாததற்கு 'கேங்'. ஸ்டேஷன் மாற்றக் குமிழைத் திருப்புகிறீர்களே, அப்போது உள்ளே மெல்லிய அலுமினியத் தகடுகள் விசிறி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று நுழையும். ஒன்றோடொன்று தொடவே கூடாது. அம்மாவுக்கு அந்த விசிறிதான் ரொம்பப் பிடித்துப் போயிருக்கிறது. தாராளமாகச் சந்தனத்தைக் குழைத்து அப்பியிருந்தாள். தகட்டுக்குத் தகடு இறங்கியிருந்தது.

"இன்னாம்மா பண்ணி வெச்சிக்கிற!"

"நீதானடா சொன்ன, உள்ள கீறதுதான் ரேடியோன்னு? வேலை செய்றத வுட்டுட்டு, கட்டைக்கா பொட்டு வெப்பாங்க?"

பதில் சொல்லுங்கள் பார்ப்போம்!

ஸ்விட்சைப் போட்டேன். எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே கடுகு.

"சாமி வந்துக்கீது போல" என்றாள் அம்மா மெதுவாக.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் கையை நீட்டினேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

"படைச்ச சாமானைத் தொட்ட, கையை ஒடிச்சிடுவேன். நாளைக்குக் காலைல மறுபடி கற்பூரம் காட்டித்தான் எடுக்கணும்."

"நாளைக்கு எடுத்து இன்னா பண்றது? இன்னிக்கு ஆறு மணிக்கு அந்தப் பொண்ணு பாடுதே!"

"அதுக்கு?"

சரி, புத்தகத்தையாவது பார்ப்போம் என்றால் அதுவும் சரஸ்வதிக்கு முன்னால் மஞ்சள் துணிக்கடியில். புத்தகமும் பூஜையில், ஆயுதமும் பூஜையில். மிச்சம் நான் ஒருவன்.

அந்த நேரம் பார்த்து வைத்தி மாமா, "ஆச்சாடா? எடுத்துண்டு போகலாமா?" என்று வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே பார்த்தார். கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதற்குப் பிறகுதான் முகம் வெளுத்தது.

"மாமா, நீங்களாவது அம்மாகிட்ட சொல்லுங்க. ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்தா போதும்."

மாமா அம்மாவைப் பார்த்தார். பூஜையைப் பார்த்தார். "படைச்சதை எடுக்கப்படாதேடா..." என்றார். உடனே, "ஆனா கொழந்தை பாடறாளே!" என்றார். மறுபடி, "எடுக்கப்படாதே..." பாவம், அவர் வீட்டு ஆபீஸ் பேனாவும் அன்றைக்கு அம்பாள் காலடியில்தான்.

போதாக்குறைக்கு, பூஜைக்காகக் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டதால் நைனாவும் வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒரு பேச்சுதான் பேசினார்.

"நாளைக்கு விஜயதசமி. நல்ல நாளு. பொட்டி பாடலன்னா, காலைல என்கூடக் கெளம்பு. அண்ணாச்சிகிட்ட சேத்து வுட்டுடறேன்."

சொன்னதில் தப்பில்லை. மாமா வீட்டுக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் ரேடியோ ஊமையானால், அதற்கப்புறம் மாட வீதியில் எவர் என்னை நம்பிப் பெட்டியைத் தருவார்? மூலையும் பெஞ்சும் பல்பும் அன்றோடு சரி.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே அம்மா, ஒன்றும் நடக்காததுபோல், சாயந்தர வியாபாரத்துக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கில் வாழைநார் வழுக்கி வழுக்கிப் போய்வந்தது. மெல்லிசு. ஆனால் அறுவதில்லை. எதையும் கீறுவதில்லை...

"யம்மா, கூடைக்குப் பொட்டு வெச்சியா?"

"வெக்காம? அதோ கீது பாரு, பூஜையில."

"கத்திரிக்கோலுக்கு?"

"வெச்சேனே."

"நாருக்கு?"

அம்மாவின் கை நின்றது. "நாருக்கு எப்பிடிடா வெக்கிறது? அதையும் படைச்சிட்டா சாயந்தரம் பூ யாரு கட்றது? இன்னிக்குத்தானே யாவாரமே!"

"ஓ... அப்ப என் ஆயுதத்துக்கு லீவு. உன்னுதுக்கு மட்டும் ஓவர்டைமா?"

நைனா சிரித்துவிட்டார். அம்மாவுக்கு வெட்கம். "பேச்சைப் பாரு. இந்தா, எடுத்துக்கினு தொலை" என்று ஈரம் படாத நாராகப் பொறுக்கி ஒரு கொத்து விட்டெறிந்தாள்.

ரேடியோவைத் தொடலாமா என்று அடுத்த கேள்வி. அதுவும் படைத்ததாயிற்றே? மாமாதான் தீர்ப்புச் சொன்னார்: "ரேடியோ ஆயுதமில்லேம்மா. எங்காத்து மனுஷா மாதிரி. ஆத்து மனுஷாளை ஆத்துக்கு அழைச்சுண்டு போறதுல என்ன தோஷம்?"

"ஐயரே சொல்லிட்டாரு, அப்புறம் இன்னா" என்றாள் அம்மா.

முற்றத்து வெயிலில் ரேடியோவை வைத்தோம். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் நாரை நுழைத்து அந்தப் பக்கம் இழுத்தேன். மஞ்சளாகச் சந்தனம் வந்தது. புது நார், மறுபடி ஒரு இழுப்பு. ஒரு தகடு வளைந்தாலும் போச்சு. மாமா மூச்சைக்கூட நிறுத்தி நிறுத்தி விட்டார். அம்மா நாரை ஒவ்வொன்றாக உருவி நீட்டிக்கொண்டே இருந்தாள். வேட்டித் துணியால் மிச்ச இடங்களைத் துடைத்தேன். வால்வுப் பொட்டுகளில் கை வைத்தபோது மட்டும், "அது கண்ணாடிதானே? அதுங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும்!" என்று சண்டைக்கு வந்தாள். கண்ணாடிதான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெயிலில் நன்றாகக் காயவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். பச்சைக் கண் மெல்ல விழித்தது. கடுகு இல்லை. நாகஸ்வரம்!

பின்மூடிக்கு ஸ்க்ரூ போட வழியில்லை. அம்மா அதையும் நாராலேயே இறுக்கிக் கட்டினாள், சரம் கட்டுகிற அதே முடிச்சில்.

ஆறு மணிக்கு மாமா வீட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. கையில் சுண்டலோடு எல்லாரும் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசற்படி ஓரம். அறிவிப்பாளர் கமலியின் பெயரைச் சொன்னார். மாமா எழுந்து நின்றுவிட்டார். பெண்ணின் குரல் முதல் வரியில் லேசாக நடுங்கி, இரண்டாவது வரியில் நிமிர்ந்தது. அதற்குள் வால்வுகள் நன்றாகச் சூடேறிவிட்டன. கூடம் முழுக்கக் கமகம என்று சந்தன வாசனை.

"என்னடா வைத்தி இது, ரேடியோலேர்ந்து சந்தன வாசனை வரதே!" என்றாள் ஒரு அத்தை.

"கொழந்தை பாடறாளோன்னோ!" என்றார் மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. சந்தனக் கதையை மறைக்கிற முகமாகவே தெரியவில்லை!

வெளியே வந்தால், தெருவிளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு நைனா. பீடி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவர். கையில் பீடி இல்லை. என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பி நடந்துவிட்டார்.

அதற்கப்புறம் நானும் கவனித்துப் பார்க்கிறேன். ஆயுத பூஜை அன்று பஸ்ஸுக்கு மாலை போட்டுவிட்டு அதே பஸ்ஸைத்தான் ஓட்டுகிறார் டிரைவர். தோசைக் கல்லுக்குப் பொட்டு வைத்துவிட்டு அதே கல்லில்தான் ஊற்றுகிறார் ஹோட்டல்காரர். சாமிக்கும் வயிற்றுக்கும் நடுவில் எல்லாரும் ஒரு நாரை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். சாமியும் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் எனக்கு அந்தப் பூஜையின் மேல் பிரியம். என் சால்டரிங் அயர்னுக்கு வருஷத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் எந்த சயின்ஸ் கெட்டுவிடும்?

விட்ட இடத்துக்கு வருகிறேன். மறுநாள் விஜயதசமி. நான் கண் விழித்தபோது நைனா இல்லை. என்னை எழுப்பாமலேயே கடைக்குப் போய்விட்டிருந்தார். பத்து மணி வாக்கில் திரும்பி வந்தார். தோளில் துண்டு போட்டு மூடிய பெரிய பெட்டி.

"அண்ணாச்சி வூட்டு ரேடியோ. ரொம்ப நாளா பேசலியாம். எம்புள்ள பாப்பான்னு சொல்லி வாங்கியாந்தேன்."

"அப்ப கடையில சேர்றது?"

"யாரு சேர்றது? அதான் வேலை கீதே" என்று பெட்டியைப் பெஞ்சின் மேல் இறக்கினார். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"பின்மூடியை மட்டும் இப்ப தொறக்காதே. உங்கம்மா குங்குமத்தோட சுத்திக்கினு கீறா."