வயலுக்குக் கீழே வலிமை

ஜப்பானிய எழுத்துகள் என்னை அழவைத்த அளவுக்கு நர்சிங் படிப்புகூட அழவைத்ததில்லை. ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போக வேண்டுமானால் மொழித் தேர்வில் தேறியாக வேண்டும். நான் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். "இதான் கடைசி. இதுலயும் போச்சுனா ஜப்பான் பேச்சயே உட்டுடணும்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

வகுப்பு விழுப்புரத்தில். பெருமுக்கல் பக்கத்திலிருந்து திண்டிவனம் வந்து, பஸ் மாறி, மடியில் எழுத்து அட்டைகளைப் புரட்டிக்கொண்டே போவேன். எழுத்துக்கு ஒரு கதை கட்டிக்கொண்டால் மறக்காது என்பார் சார். மனிதனைக் குறிக்கும் எழுத்தும் மரத்தைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்தால் 'ஓய்வு'. மரத்தடியில் ஒருவன் சாய்ந்திருக்கிறானாம். எனக்கோ மரத்தடியில் நிற்பவன் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்தான். 'காத்திருத்தல்' என்று எழுதி மார்க்கைத் தொலைத்தேன்.

அதைவிட மோசம் இன்னொன்று. மேலே நான்கு கட்டம் போட்ட வயல், கீழே வலிமை. பார்த்ததும் எங்கள் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே உச்சி வெயிலில் குனிந்து களை எடுக்கும் அம்மாதான் கண்முன் வந்தாள். வகுப்புத் தேர்வில் யோசிக்காமல் 'பெண்' என்று எழுதினேன். விடை, 'ஆண்'.

"இன்னாம்மா நீ? வயல்ல பலத்தக் காட்டி ஒழைக்கிறவன் ஆம்பள. எவ்ளோ ஈசியான கதை! இதுகூடவா மறந்துபோச்சு?" என்றார் சார்.

"மறக்கல சார். எங்க கொல்லையில அப்பிடி யாரும் இல்ல."

வகுப்பே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதை கட்டச் சொல்வார்களாம், ஆனால் கதை அவர்களுடையதாக இருக்க வேண்டுமாம்.

அன்று சாயங்காலம் கொல்லைக்கே போய் அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். வரப்பில் நின்று போன் பேசிக்கொண்டிருந்த அப்பாவைக் கண்ணால் காட்டி, "உங்க சார ஒருநாளு இங்க வந்து பாக்கச் சொல்லு" என்றாள். களைக்கொத்தை நிறுத்தவே இல்லை.

பெரிய தேர்விலும் அதே எழுத்து வந்து தொலைத்தது. நான்கு விடைகளில் ஆணும் இருந்தது, பெண்ணும் இருந்தது. அப்பா சொன்ன 'கடைசி' காதில் கேட்டது. ஆணுக்குரிய வட்டத்தைத் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கருப்பாக்கினேன்.

தேறிவிட்டேன். அப்பா தெருவெல்லாம் சொல்லி முடித்த பிறகு, கொல்லையில் அம்மா கேட்டாள்.

"அந்த வயல் எழுத்து வந்துச்சா?"

"வந்துச்சு."

"இன்னா போட்ட?"

"ஆம்பளன்னுதாம்மா போட்டேன்."

"பரவால்ல, பாஸாயிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அவள் அதை அவ்வளவு லேசாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.